ஊசி ஒரு சுற்று தாண்டினால் போச்சு

1920களின் கடைசி. அமெரிக்கத் தியேட்டர் ஒன்றின் புரொஜெக்டர் அறை. 'ஸ்டார்ட்' என்று குறித்திருக்கும் ஃபிலிம் சட்டத்தை (ஃபிரேமை) ஆபரேட்டர் லென்ஸுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். பக்கத்தில் 16 அங்குல அகலத்தில் ஒரு இசைத்தட்டு. அதில் அம்புக்குறி போட்ட இடத்தில் ஊசியை மெல்ல இறக்குகிறார். விளிம்பில் அல்ல, நடுவில், லேபிளை ஒட்டி. மோட்டாரைப் போட்டதும் திரையில் ஒருவர் வாயைத் திறக்கிறார், பாட்டு வருகிறது.

இதுதான் வைட்டபோன். 1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் வார்னர் பிரதர்ஸ் இதை மக்களுக்குக் காட்டியது. அன்றைய முழுநீளப் படத்தில் இசை இருந்தது, வசனம் கிடையாது. படத்துக்கு முன் ஓடிய துண்டுப் படங்களில்தான் ஆட்கள் உண்மையிலேயே பாடினார்கள். ஆப்பெரா பாடகர் ஜொவான்னி மார்டினெல்லி அவர்களில் ஒருவர்.

படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரே மோட்டார்தான். புரொஜெக்டரும் தட்டும் அதனோடு பிணைக்கப்பட்டிருந்ததால் ஒன்று முந்தவோ பிந்தவோ முடியாது. ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டம், தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அப்படியானால் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 விநாடி, அதற்குள் 43 சட்டங்கள் ஓடிவிடும். ஊசி தெரியாமல் ஒரு சுற்று தாண்டிக் குதித்தால் பாடகர் வாயை மூடிய பிறகும் பாட்டு கேட்கும், அல்லது குரல் முதலில் வந்து வாய் பின்னால் அசையும். ஃபிலிம் அறுந்தாலும் சும்மா ஒட்டிவிட முடியாது. எத்தனை சட்டம் போனதோ, எண்ணி அத்தனை கறுப்புச் சட்டம் சேர்க்க வேண்டும்.

ஊசியை ஏன் நடுவில் வைத்தார்கள்? எஃகு ஊசி ஓட ஓடத் தேயும். தட்டின் உள்பக்கம் சுற்றளவு குறைவு, அதே 1.8 விநாடி ஒலியைக் குட்டைக் கோட்டில் நெருக்கித் திணித்திருக்கும். அதைப் படிக்கக் கூர்மையான ஊசி வேண்டும். வெளியே வர வர கோடு நீண்டு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தேய்ந்த ஊசியும் அங்கே சமாளித்துக்கொள்ளும். தட்டும் தேயத்தான் செய்யும். அதனால் லேபிளிலேயே 20 கட்டங்கள் அச்சிட்டு, ஓட்டும்போதெல்லாம் ஒன்றில் குறி போடச் சொன்னார்கள். கட்டம் தீர்ந்தால் புதுத் தட்டு.

சரி, ஒலியைப் பதிந்தது எப்படி? மைக் பிடித்த ஒலியை மின்சாரமாக்கி, பெருக்கி, சுழலும் கெட்டி மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டினார்கள். மெழுகை வெட்டி ஒட்ட முடியாது. நடுவில் ஒரு வார்த்தை தடுமாறினால் முதலிலிருந்து மறுபடி. ஒலியை எடிட் செய்ய வழி இல்லாததால், கோணம் மாற்றிக் காட்ட நினைத்தால் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். கேமராவின் இரைச்சல் மைக்கில் விழும் என்று அதையும் ஆளையும் சேர்த்துக் கண்ணாடி ஜன்னல் வைத்த அறைக்குள் அடைத்தார்கள். உள்ளே வெந்து போயிருப்பார்கள், பாவம்! இத்தனையும் செய்து மன்ஹாட்டன் ஆப்பெரா ஹவுஸில் பதிவைத் தொடங்கினால், வெளியே சுரங்க ரயில் பாதை தோண்டும் வெடிச் சத்தம் உள்ளே புகுந்தது.

ஒரு ரீல் 1,000 அடி, ஒரு தட்டு சுமார் 11 நிமிடம். அதற்குள் முடிய வேண்டும், ஒரே மூச்சில், பிசகாமல். சினிமா நடிகர்களுக்கு இது தண்டனை. வாட்வில் எனப்பட்ட பல்சுவை மேடைக்காரர்களுக்கோ அன்றாட வேலை. ஊர் ஊராகப் போய் அதே பத்து நிமிட ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் போட்டுத் தேறியவர்கள். எங்கே மூச்சு விடுவது, எங்கே சிரிப்புக்கு இடம் விடுவது என்பது உடம்பிலேயே ஊறிப்போயிருக்கும். ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேஸி ஆலன் என்ற நகைச்சுவை ஜோடி 1929-இல் செய்த துண்டுப் படத்தைப் பார்த்தால் தெரியும்: கேமரா இருந்த இடத்திலேயே நிற்க, இருவரும் பேச்சிலேயே ஓட்டிவிடுகிறார்கள். அந்தக் கால மேடைப் பாட்டும் கூத்தும் இவ்வளவு படமானதற்குக் காரணம் ரசனை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, இயந்திரமும் அவர்களைத்தான் கேட்டது.

1930களின் தொடக்கத்தில் ஒலி ஃபிலிம் ஓரத்துக்கே போய்விட்டது. அப்புறம் வந்தது வேறு சிக்கல். பழைய வைட்டபோன் படங்களின் ஃபிலிம் ஓரிடம், தட்டு வேறிடம். 1991 முதல் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி ஜோடி சேர்த்து வருகிறார்கள். பாடகர் ஆல் ஜால்சன் 1926-இல் பாடிய துண்டுப் படத்துக்குக் கிடைத்த தட்டு, உடைந்து யாரோ ஒட்டிவைத்தது. விரிசலை ஊசி கடக்கும் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்றது. அந்த 'டக்'குகளைக் கணினியில் நீக்கிய பிறகுதான் ஜால்சனுக்குக் குரல் திரும்பியது.