ஒரே வாய்பாடு, வேறு வேறு வேகம்: ஹேலோஆல்கேன்கள் வினைபுரியும் விதம்

இரண்டு சோதனைக்குழாய்களில் 2 மி.லி. எத்தனால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 1-குளோரோபியூட்டேன் ஐந்து சொட்டு, மற்றதில் 2-குளோரோ-2-மெத்தில்புரப்பேன் ஐந்து சொட்டு. இரண்டிலும் லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள சில்வர் நைட்ரேட் கரைசல் 1 மி.லி. விடுங்கள். இரண்டாவது குழாய் கண்ணெதிரே பால்போல் வெளுக்கும்: கழன்ற குளோரின் சில்வரோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படிகிறது. முதலாவது அசையாது, 60 டிகிரி வெந்நீரில் வைத்துக் காத்திருந்தால்தான் மெல்லக் கலங்கும். எத்தனால் தீப்பற்றும் என்பதால் சுடரில் காட்டக் கூடாது.

இரண்டிலும் இருப்பது நான்கு கார்பன், ஒன்பது ஹைட்ரஜன், ஒரு குளோரின். ஆனால் குளோரின் பிடித்திருக்கும் கார்பன் வேறு. அந்த ஒரு கார்பனைப் பார்க்கப் பழகிவிட்டால் ஹேலோஆல்கேன் (ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஹாலோஜன்களில் ஒன்று பிடித்த ஆல்கேன்) பாடத்தில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அந்தக் கார்பனோடு வேறு எத்தனை கார்பன்கள் நேரடியாக இணைந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் ஓரிணையம், இரண்டு என்றால் ஈரிணையம், மூன்று என்றால் மூவிணையம். மாணவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: மூலக்கூறில் எத்தனை ஹாலோஜன் என்பதையோ, சங்கிலி எங்கே கிளைக்கிறது என்பதையோ எண்ணிவிடுகிறார்கள். 1-புரோமோ-2,2-டைமெத்தில்புரப்பேனில் கிளைகள் நிறைய. ஆனாலும் புரோமின் பிடித்த கார்பனுக்கு அண்டை ஒன்றே. அது ஓரிணையம்தான். இந்தச் சேர்மத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

பெயரிடுவதைப் பழக ஹாலோதேன் நல்ல எடுத்துக்காட்டு. 1956-இல் மான்செஸ்டரில் மயக்க மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது இது. இரண்டே கார்பன், ஒன்றில் மூன்று ஃபுளூரின், மற்றதில் ஒரு புரோமின், ஒரு குளோரின், ஒரு ஹைட்ரஜன். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது? ஃபுளூரின் பக்கம் தொடங்கினால் எண்கள் 1,1,1,2,2. மறுபக்கம் தொடங்கினால் 1,1,2,2,2. முதல் வேறுபாட்டில் சிறிய எண் தருவது முதல் வழி, ஆகவே அதுவே சரி. பெயர்: 2-புரோமோ-2-குளோரோ-1,1,1-டிரைஃபுளூரோஈத்தேன். முன்னொட்டுகளின் வரிசை ஆங்கில அகரவரிசை: புரோமோ, குளோரோ, ஃபுளூரோ, அயோடோ. தமிழ் எழுத்து வரிசையில் அடுக்கினால் அயோடோ முன்னே வந்து பெயர் தவறிவிடும். 'டை', 'டிரை' போன்ற எண்ணிக்கைச் சொற்கள் அகரவரிசைக் கணக்கில் சேராது.

இனி வினை. ஹாலோஜன், பிணைப்பின் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுப்பதால் கார்பனில் சிறு நேர்மின்சுமை தோன்றுகிறது. ஹைட்ராக்சைடு, சயனைடு, அம்மோனியா போன்ற எலக்ட்ரான் இணை உள்ள கருக்கவர் பொருள்கள் அங்கே வந்து சேர, ஹாலோஜன் தன் எலக்ட்ரான்களோடு வெளியேறுகிறது. இதுதான் கருக்கவர் பதிலீட்டு வினை. அப்படியானால் இழுவை அதிகமுள்ள ஃபுளூரோ சேர்மமே வேகமாக வினைபுரிய வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. கார்பன்–ஃபுளூரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 467 கிலோஜூல் வேண்டும். குளோரினுக்கு 346, புரோமினுக்கு 290, அயோடினுக்கு 228. வேகத்தைத் தீர்மானிப்பது பிணைப்பின் வலிமை, முனைவுத்தன்மை அல்ல. மேற்சொன்ன சோதனையை 1-குளோரோ, 1-புரோமோ, 1-அயோடோபியூட்டேன் மூன்றிலும் செய்தால் அயோடோவின் மஞ்சள் வீழ்படிவு முதலில், புரோமோவின் பாலேட்டு நிறம் அடுத்து, குளோரோவின் வெள்ளை கடைசியில் வரும்.

இதே சோதனையை வேறு வழியில், முதலில் சோடியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கி ஹாலோஜனைக் கழற்றிவிட்டுப் பிறகு சில்வர் நைட்ரேட் சேர்த்துச் செய்பவர்கள் இடையில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கியே தீர வேண்டும். மறந்தால் பழுப்பு நிற சில்வர் ஆக்சைடு படிந்து எல்லாவற்றையும் மறைக்கும். அவசரத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அதிலுள்ள குளோரைடே வெள்ளையாகப் படியும். எதைச் சோதித்தாலும் 'குளோரைடு உண்டு' என்றே காட்டும்.

முதல் இரண்டு குழாய்களுக்குத் திரும்புவோம். மூவிணைய சேர்மத்தில் குளோரின் முதலில் தானாகக் கழன்றுவிடுகிறது. சுற்றியுள்ள மூன்று மெத்தில் தொகுதிகள் எலக்ட்ரானைக் கொடுத்து எஞ்சிய கார்பன் நேரயனியைத் தாங்கிக்கொள்கின்றன. கருக்கவர் பொருள் பிறகுதான் வருகிறது. அதனால் அதன் செறிவை இரட்டித்தாலும் வேகம் மாறாது. இது எஸ்என்1: வேகம் ஒரு பொருளின் செறிவை மட்டும் பொறுத்த கருக்கவர் பதிலீடு. ஓரிணையத்தில் அந்தத் தாங்கல் இல்லை. கருக்கவர் பொருள் ஹாலோஜனுக்கு நேர் பின்புறமிருந்து நெருங்க, ஒரே அடியில் ஒன்று சேர மற்றது விலகுகிறது. வேகம் இரண்டின் செறிவையும் பொறுத்தது. இது எஸ்என்2: பெயரிலுள்ள 2 அதையே குறிக்கிறது.

பின்புறத் தாக்குதல் என்றால் மற்ற மூன்று பிணைப்புகளும் காற்றில் மடங்கிய குடைபோல் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். இந்தத் தலைகீழ் மாற்றத்தின் முதல் தடயத்தை 1896-இல் பால் வால்டன் மாலிக் அமிலத்தில் கண்டார். அது ஒவ்வொரு மூலக்கூறிலும் நடக்கிறது என்று காட்டியது 1935-இல் ஹியூஸும் குழுவினரும் செய்த அழகான சோதனை. ஒளிசுழற்றும் (முனைவுற்ற ஒளியின் தளத்தைத் திருப்பும்) 2-அயோடோஆக்டேனைக் கதிரியக்க அயோடைடோடு அசிட்டோனில் வினைபுரியவிட்டார்கள். ஒளிசுழற்சி மறையும் வேகம், அயோடின் மாறும் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. திரும்பிய ஒரு மூலக்கூறு திரும்பாத இன்னொன்றின் சுழற்சியை ரத்துசெய்கிறது. ஒரு மாற்றத்துக்கு இரண்டின் சுழற்சி போகிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு திருப்பமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

பின்புறம் அடைபட்டால் என்ன ஆகும்? இரண்டு கார்பன் உள்ள எத்தில் ஹேலைடின் எஸ்என்2 வேகத்தை 1 என்று கொண்டால், ஒரே கார்பன் உள்ள மெத்திலுக்கு ஏறத்தாழ 30, ஈரிணையமான ஐசோபுரப்பைலுக்கு 0.025. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 1-புரோமோ-2,2-டைமெத்தில்புரப்பேனுக்கு லட்சத்தில் ஒன்று! பெயருக்கு ஓரிணையம், ஆனால் பக்கத்துக் கார்பனில் உள்ள மூன்று மெத்தில்கள் பின்வாசலை மறித்து நிற்கின்றன. நேரயனியாகவும் எளிதில் மாற முடியாது. வகைப்பாடு முதல் துப்பு மட்டுமே. அண்டைக் கார்பனையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மூவிணைய குளோரைடைச் செய்வது எளிது. 10 மி.லி. மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலைப் பிரிபுனலில் (அடியில் திறந்து மூடும் குழாய் உள்ள புனல்) 25 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்து, முதலில் மூடாமல் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். பிறகு மூடிக் கவிழ்த்து, அடிக்கடி குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். அந்த ஆல்கஹால் 25 டிகிரியை ஒட்டி உறைவது. குளிர்நாளில் பாட்டிலுக்குள் கட்டியாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும். 15 நிமிடத்தில் இரண்டு அடுக்கு பிரியும். குளோரைடின் அடர்த்தி 0.84, ஆகவே நமக்கு வேண்டியது மேலே. இதே பழக்கத்தில் 1-புரோமோபியூட்டேன் செய்யும்போது கீழடுக்கைக் கொட்டிவிடாதீர்கள்: அதன் அடர்த்தி 1.27, நீரில் மூழ்கும். ஐயம் வந்தால் ஒரு சொட்டு நீர் விட்டு, எந்த அடுக்கோடு அது கலக்கிறது என்று பாருங்கள்.

எஞ்சிய அமிலத்தைக் கழுவச் சோடியம் பைகார்பனேட் போதும்; நுரை அடங்கும்வரை மூடியைப் போடக் கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டவே வேண்டாம். வலிய காரத்துக்கு மூவிணைய ஹேலைடு பதிலீட்டைவிட நீக்கல் வினையையே (ஹாலோஜனும் ஒரு ஹைட்ரஜனும் கழன்று இரட்டைப் பிணைப்பு தோன்றுவது) விரும்பும். செய்த பொருள் 2-மெத்தில்புரப்பீன் வாயுவாகப் பறந்துவிடும். கழுவியதை நீரற்ற கால்சியம் குளோரைடில் உலர்த்தி, உலர்ந்த கண்ணாடிச் சாமான்களில் மட்டும் வடியுங்கள். 49–52 டிகிரியில் இறங்குவதுதான் நம்முடையது.