உமிழ்நீர் வற்றும்போது பற்களுக்கு என்ன நேர்கிறது?

உடலைத் தூண்டிவிடும் ஊக்கிப் போதைப்பொருளான மெத்தாம்ஃபெட்டமினைப் பயன்படுத்துவோரின் பற்கள் ஈறோரத்தில் கறுத்து உடைந்திருப்பதைக் காண்பவர்கள், அந்தப் பொருளே பல்லை அரித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான சேதம் வாய் வறட்சியிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே, போதைப்பழக்கத்தை இன்னும் விட முடியாதவரும் தம் பற்களில் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ள வழியுண்டு.

உமிழ்நீர் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைச் செரித்து வெளியிடும் அமிலத்தை அதிலுள்ள பைகார்பனேட் தணிக்கிறது. அமிலம் கரைத்தெடுத்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உமிழ்நீர் பல்லின் கடினமான மேலுறையான எனாமலுக்குத் திருப்பித் தருகிறது. பல்லின் மேற்பரப்பில் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும். உமிழ்நீர் அந்த அளவை மீண்டும் மேலே தூக்கிவிடும். ஊக்கிப் போதைப்பொருள்கள் உடலை ஆபத்தை எதிர்கொள்ளும் நிலையில் மணிக்கணக்கில் வைத்திருப்பதால், உமிழ்நீரைச் சுரக்கச் சொல்லும் நரம்புக் கட்டளை அடங்கி, இந்தப் பழுதுபார்ப்பு தடைப்படுகிறது.

நாக்கு அண்ணத்தில் ஒட்டும் அந்த வேளையில் கை இனிப்புக் குளிர்பானத்தைத்தான் தேடும். ஒரு பாட்டிலை ஒரேயடியாகக் குடித்து முடிப்பதைவிட, இரவு முழுவதும் சிறிது சிறிதாக உறிஞ்சுவது பல்லுக்குப் பெருங்கேடு. ஏனெனில் ஒவ்வொரு மடக்கும் அமிலத் தாக்குதலைப் புதிதாகத் தொடங்கிவைக்கிறது. தாடை இறுகிப் பற்களை நறநறவெனக் கடிப்பதும் சேர்ந்துகொண்டால், கரைந்து மெலிந்த பல் எளிதில் விரிசல் விடும்.

பல்லைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புபோல் மங்கிய வெண்கோடு தெரிந்தால் அதுவே சொத்தையின் முதல் அடையாளமாக இருக்கலாம். குழி விழாதவரை அதைத் தடுத்து நிறுத்த முடியும். அதற்குத் தண்ணீரையே அடிக்கடி பருகுவதும், சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்று உமிழ்நீரைத் தூண்டுவதும், ஃபுளூரைடு பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்கி, வாய் கொப்பளிக்காமல் நுரையை மட்டும் துப்புவதும் உதவும். வாந்தி எடுத்தாலோ புளிப்பான பானம் குடித்தாலோ உடனே துலக்கக் கூடாது. மென்மையடைந்த எனாமல் தேய்ந்துவிடும். தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். கோகைனை ஈறில் தேய்ப்பதோ அங்கே ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண்ணாக்கும்.

கவனக்குறைவுக் கோளாறுக்கு மருத்துவர் தரும் ஊக்கி மருந்துகளாலும் வாய் வறளலாம். அவற்றைத் தாமாக நிறுத்தாமல், வறட்சியைப் பற்றி மருத்துவரிடம் சொல்வதே முறை.

பல் மருத்துவரிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். வெட்கமாக இருக்கும் என்பது புரிகிறது. ஆனால் மரத்துப்போகச் செய்யும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். உடலில் ஊக்கிப் பொருள் இருக்கும்போது அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரவும் இதயத் துடிப்பு தாறுமாறாகவும் கூடும். கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள் என்று தெரிந்தால்தான், சிகிச்சையைத் தள்ளிவைப்பதா, வேறு ஊசியைத் தேர்ந்தெடுப்பதா என்று அவர் முடிவு செய்ய முடியும்.