மாநாட்டுக்கு யாரை அனுப்புகிறீர்கள்?

"தம்பி, எல்லா ஃபைலுக்கும் வால் முளைச்சிருக்கு."

திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில் வந்த போன். தக்கலை பக்கத்து அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கும் அக்கா பேசினார். ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி, அதன் பின்னால் புரியாத எழுத்துகள். எதுவும் திறக்கவில்லை. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர்தான், வேறென்ன. "நெட் வயரை மட்டும் பிடுங்குங்க அக்கா, வேற எதுலயும் கை வைக்காதீங்க, இப்ப வாறேன்" என்று நாகர்கோவிலிலிருந்து பைக்கை எடுத்தேன். வில்லுக்குறி தாண்டுவதற்குள் மறுபடி போன். "சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க கூப்பிட்டாங்க தம்பி. ஃபார்மேட் பண்ணச் சொன்னாங்க. ஓடிட்டு இருக்கு."

இந்த வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது. மூன்றிலும் நான் போய்ச் சேருவதற்குள் ஃபார்மேட். திருடன் வந்துபோன வீட்டைப் போலீஸ் வருவதற்கு முன்னால் கழுவி விடுவீர்களா?

போய்ப் பார்த்தால், அதிகாரியின் நாற்காலி முதுகில் தொழில்நுட்ப மாநாட்டு அடையாள அட்டை நாடாவோடு தொங்குகிறது. பக்கத்தில் பளபளப்பான துணிப்பை. போன மாதம்தான் சென்னை போய் வந்திருக்கிறார். நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்: "எங்க துறையே பெரிய கம்பெனியோட ஒப்பந்தம் போட்டிருக்கு சார். பாதுகாப்பெல்லாம் அவங்க பொறுப்பு."

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தோப்பைப் பாட்டத்துக்கு விடுகிறீர்கள். தேங்காய் போடுவது, உரம் வைப்பது எல்லாம் பாட்டக்காரர்தான். ஆனால் பட்டா யார் பெயரில்? தீர்வை ரசீது யார் பெயருக்கு வருகிறது? கம்பெனி உங்கள் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். மக்கள் ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் கொடுத்தது உங்கள் கவுண்டரில். 2023-ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: என்ன ஒப்பந்தம் இருந்தாலும், உங்களுக்காக வேறொருவர் தகவலைக் கையாண்டாலும், பொறுப்பு உங்களுடையது. சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவில் கம்பெனிகளோடு அரசு அலுவலகங்களும் சேர்த்தி. தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், மெஷினில் யார் எப்போது என்ன செய்தார் என்று தானாகப் பதிவாகும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஃபார்மேட் செய்த மெஷினில் எந்த லாக்கைத் தேடுவது?

"நம்ம ஆபீஸை யார் சார் குறி வைக்கப் போறா?" என்று அடுத்த கேள்வி. யாரும் குறி வைக்கவில்லை. திறந்து கிடக்கும் கதவைத் தேடிக்கொண்டே போகிறார்கள், உங்களுடையது திறந்திருந்தது.

கதவு எது என்று தப்பிப் பிழைத்த இன்னொரு மெஷினில் தெரிந்தது. கம்பெனியிலிருந்து வந்த பையன் எப்போதோ தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, எந்நேரமும் திறந்தே இருக்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் 123-ம். அவன் போன இடமெல்லாம் அதே பாஸ்வேர்டாகத்தான் இருக்கும். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, ஆரம்ப காலத்தில் நானும் இதே வேலையைச் செய்தவன்தான். பேக்கப் ஹார்ட் டிஸ்க் இருந்தது. வாங்கிய நாள் முதல் கழற்றாமல் செருகியே இருந்ததால் அதுக்கும் வால்.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே, குலசேகரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரிடம் விண்ணப்பத்தை மறுபடி கொண்டுவரச் சொன்னார்கள். "போன மாசம்தானே மக்களே எல்லாம் தந்தேன்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

மாநாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய சென்னை உமாஜின் தொழில்நுட்ப மாநாட்டால் தொழில் வந்தால் நல்லதுதான். கேரள போலீஸ் கொச்சியில் கூட்டாக நடத்தும் கொக்கூன் சைபர் பாதுகாப்பு மாநாட்டில் நிஜமாகவே வேலை தெரிந்தவர்கள் பேசுகிறார்கள். வடசேரியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடும் திருவனந்தபுரத்தில், தனியார் நிபுணர்களைப் போலீஸோடு உட்கார வைக்கும் சைபர்டோம் 2016 முதல் இருக்கிறது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா, சென்னைக்காரர்களின் கே7 உள்ளிட்ட வைரஸ் தடுப்பு கம்பெனிகளோடு சேர்ந்து, மால்வேர் எனும் கெட்ட மென்பொருளை நீக்கும் கருவியை இலவசமாகத் தருகிறது. கூட்டு முயற்சி என்றால் இப்படி மேசை வரைக்கும் வர வேண்டும்.

நம் ஊரில் அது கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய், துணிப்பையோடு திரும்பி, நாற்காலி முதுகில் தொங்கிவிடுகிறது. மாநாட்டுக்குப் போனவர் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. தொடுகிற அக்காவை யாரும் அனுப்புவதில்லை.

அனுப்புங்கள். போகிறவர் ஸ்டாலில் காபி குடித்து போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், கூடவே நாலு கேள்வி கேட்கட்டும். உங்கள் ஆள் எந்த வழியாக என் மெஷினுக்குள் வருவார்? வேலை முடிந்ததும் அந்த வழியை அடைப்பது யார்? அந்த 6 மணி நேரத்தில் செர்ட்-இன்னுக்குச் சொல்லப்போவது நீங்களா, நானா? பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை இப்போதே மீட்டுக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு சிரிப்பும் ஒரு சாவிக்கொத்தும்தான் கிடைக்கும். பென் டிரைவ் தந்தால், தயவுசெய்து, கும்பிட்டுக் கேட்கிறேன், அதைக் கொண்டுவந்து அலுவலக மெஷினில் செருகாதீர்கள்.

அப்புறம், செர்ட்-இன் உதவி எண் 1800-11-4949, பணம் பறிபோனால் 1930. ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வால் முளைத்தால் நெட் வயரைப் பிடுங்குங்கள், மெஷினை அணைக்காதீர்கள், ஃபார்மேட் செய்யவே செய்யாதீர்கள். கம்பெனி சொன்னாலும்தான்.

அந்த அக்கா இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் ஹார்ட் டிஸ்க்கைச் செருகுகிறார். காப்பி முடிந்ததும் கழற்றி, பீரோவில் பழைய பதிவேடுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார். அடுத்த மாநாட்டுக்கு அவரை அனுப்பச் சொல்லி அதிகாரியிடம் கேட்டிருக்கிறேன். ஒப்பந்த ஊழியருக்குப் பயணப்படி போட விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.