இடர்நேர்வு: சொல் விளக்கம்

தேயிலைத் தோட்டத்திலும் டவுனிலும் நாம் 'ரிஸ்க்' என்று சொல்கிறோமே, அது இத்தாலிய, பிரெஞ்சு மொழிகள் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். கப்பல் சரக்கு கரைசேராமல் போகக்கூடும் என்று கணக்குப் பார்த்த வணிகர்களிடம் புழங்கியது. அதற்கும் முந்திய மூலத்தில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தில்லை.

இதை 'ஆபத்து', 'இடர்' என்று எழுதினால் பாதிப் பொருள் விடுபட்டுப்போகும். "நரகத்தில் இடர்ப்படோம்" என்று அப்பர் பாடும்போது இடர் என்பது துன்பம். ரிஸ்க்கிலோ, நேரும் வாய்ப்பும் நேர்ந்தால் வரும் இழப்பும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே 'இடர்நேர்வு' பொருத்தம். இலங்கை வங்கித்துறையில் ஏற்கெனவே வழங்குகிறது. ஆளில்லாத மலைச்சரிவு இடியலாம் என்றால் அது இடர். அதன் கீழே லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், இருந்தால் இடர்நேர்வு.

இலங்கை மலையகப் பேச்சில் இதற்குப் பக்கத்தில் வருவது 'கண்டம்'. சாதகப்படி ஒருவருடைய உயிருக்கு, குறித்த காலத்தில் வரும் ஆபத்து அது. காலம் கடந்தால் கண்டம் கழிந்தது. மண்சரிவையும் அப்படி எண்ணும்போதுதான் "போன மழையில் தப்பிட்டோம், இனிப் பயமில்லை" என்ற பேச்சு வருகிறது. ஆனால் போன மழையில் விழுந்த வெடிப்பு வழியாகத்தான் அடுத்த மழைநீர் உள்ளே இறங்கும்.

எதற்கு அஞ்சுவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்பதைச் சமூக வாழ்க்கைமுறையே வகுக்கிறது என்று மானிடவியலாளர் மேரி டக்ளஸும் அரசியல் அறிஞர் ஆரன் வில்டவ்ஸ்கியும் 1982இல் வாதிட்டார்கள். அதற்காக மக்களின் நம்பிக்கையை மட்டும் குறைசொல்வது அநியாயம். லயம் தோட்டத்தினுடையது, காணி உறுதி கையில் இல்லை. பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூடுமிடம்), பிள்ளைக்காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கோயில் எல்லாம் அங்கேதான். பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் முன்னரே மண்சரிவு எச்சரிக்கை இருந்தும் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் மண்ணில் புதைந்தன. போக இடம் காட்டாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான்.

இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மழையளவை வைத்தே எச்சரிக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, அதாவது உடனே வெளியேற்றம். அடியும் வாயும் ஒரே அகலமான பேணியை (தகர டப்பாவை) திறந்த வெளியில் வைத்தால், 7.5 செ.மீ. நீர் நின்றால் அது 75 மி.மீ. வாய் அகன்ற வாளி கூடுதலாகக் காட்டும். மரத்தடியில் வைத்தால் குறையும்.

மழை விட்ட பின்னும் மண்ணில் ஊறிய நீர் சரிவை இழுக்கலாம். ஊற்று கலங்கினாலோ திடீரென வற்றினாலோ, கதவு நிலையில் இறுகினாலோ, மரம் சாய்ந்தாலோ, நிற எச்சரிக்கைக்குக் காத்திராமல் வெளியேற வேண்டும். சரிவின் நேர்கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும்.