இரண்டு ஆண்டுகளில் ஒரு சுவர்

மாதிரி ரயில்பாதைகளுக்குக் கட்டடங்கள் செய்து தருவதும், பிறர் பாதியில் விட்டவற்றை முடித்துக் கொடுப்பதும் என் தொழில். சென்ற வாரம் என்னிடம் வந்த பெட்டியில் ஒரு ரயில் நிலையத்தின் முன்சுவர் மட்டும் இருந்தது. அட்டையில் செங்கல் செங்கலாகக் கீறி, ஒவ்வொரு கல்லையும் மூன்று சிவப்புச் சாயல்களில் தனித்தனியே தீட்டியிருந்தார்கள். இரண்டு ஆண்டு உழைப்பு அது. ஆனால் ஒரு பக்கம் மட்டுமே வண்ணம் பூசப்பட்டதால் அட்டை வில்லாக வளைந்துவிட்டது. மேசையில் கிடத்தினால் நடுவில் ஒரு பென்சில் நுழைகிறது. மற்ற மூன்று சுவர்களும் கூரையும் இன்னும் தொடங்கப்படவே இல்லை. அதை அனுப்பியவர் வீட்டில் ரயில் வெறும் ஒட்டுப்பலகையின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நுணுக்கம் கூடக்கூட உண்மைத்தோற்றமும் கூடும் என்ற நம்பிக்கையே இந்தத் தேக்கத்தின் வேர். அது தவறு என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். மாதிரி ரயில்களில் பரவலாகப் பயன்படும் எச்.ஓ. அளவு என்பது 1:87, அதாவது உண்மைப் பொருளின் 87-இல் ஒரு பங்கு. உண்மையான செங்கற்சுவரில் 10 மில்லிமீட்டர் இருக்கும் சாந்துக்கோடு இந்த அளவில் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டராகிவிடும். பார்வையாளர் வழக்கமாக நிற்கும் 90 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, நல்ல பார்வை உடையவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். அதாவது, நீங்கள் உருப்பெருக்கியின் அடியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்த கோடுகள் அங்கே தனித்தனியாகத் தெரியாமல், ஒட்டுமொத்தச் சாயலாக மட்டுமே கலந்து தெரியும். மேலும், அந்த 90 சென்டிமீட்டர் உண்மை உலகில் 78 மீட்டருக்குச் சமம். அவ்வளவு தொலைவில் நிற்கும் கட்டடத்தில் எவரும் செங்கற்களை எண்ணுவதில்லை. அதன் உருவம், நிறம், நிழல், அது தரையில் அமர்ந்திருக்கும் விதம் ஆகியவற்றையே பார்க்கிறோம்.

பழுது பார்க்க வரும் கட்டடங்களில் நான் மிகுதியாகக் காணும் குறைகளும் இந்த நான்கில்தான் இருக்கின்றன. அடிச்சுவருக்கும் தரைக்கும் இடையே ஒரு கருங்கோடு தெரிந்தால், எவ்வளவு அழகான கட்டடமும் மிதப்பதுபோல் தோன்றும். சிறிது மண்தூளும் நீர்த்த வெள்ளைப் பசையும் கொண்டு பத்து நிமிடத்தில் அதை மறைத்துவிடலாம். பளபளக்கும் நெகிழிச் சுவரைப் பளபளப்பற்ற மேற்பூச்சு ஒன்றே அடக்கிவிடும். உள்ளே விளக்கு வைப்பவர்கள் சுவரின் உட்புறத்தைக் கறுப்பாகத் தீட்டாவிட்டால் செங்கற்சுவரே விளக்குக்கூண்டு போல ஒளிரும். எவரும் எட்டிப் பார்க்காத அறைக்குள் நாற்காலி செய்வதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

அளவு பிசகக் கூடாது என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஒரு சொல். 175 மீட்டர் நீளத் தொழிற்சாலை எச்.ஓ. அளவில் 2 மீட்டரை விழுங்கிவிடும். இருபது சன்னல்களை ஏழாகக் குறையுங்கள். ஆனால் ஒவ்வொரு சன்னலின் அளவையும் கதவின் உயரத்தையும் மாற்றாதீர்கள். கண் அவற்றைக் கொண்டுதான் மனித அளவைக் கணிக்கிறது.

அட்டையின் இரு பக்கங்களிலும் வண்ணம் பூசுங்கள்; உட்புறத்தில் குறுக்குச் சட்டம் ஒட்டாமல் நீளமான சுவரை நிறுத்தாதீர்கள். சன்னல் கண்ணாடியாக வைக்கும் தெளிந்த தாளுக்கு உடனொட்டிப் பசை (சூப்பர் குளூ) கூடவே கூடாது: அதன் ஆவி தாளின் மேல் வெண்படலமாகப் படியும். நெகிழி ஒட்டும் கரைப்பானை மூடிய அறையில் பயன்படுத்தாதீர்கள். இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது.

உங்களை மன்றாடிக் கேட்கிறேன்: முதல் கட்டடத்திற்கு வண்ணம் தொடுவதற்கு முன், எல்லாக் கட்டடங்களையும் வெறும் அட்டைப் பெட்டிகளாக வெட்டி அவற்றின் இடங்களில் நிறுத்துங்கள். ஒரே மாலையில் முடிகிற வேலை இது. ரயில் அவற்றுக்கு நடுவே ஓடும்போது எந்தச் சுவர் பார்வைக்கு அருகே வருகிறது, எந்தக் கூரை மட்டுமே தெரிகிறது, எந்தப் பின்சுவர் என்றைக்கும் தெரியாது என்பதெல்லாம் தாமே விளங்கிவிடும். பாதையின் விளிம்பை ஒட்டி நிற்கும் ஒன்றிரண்டு கட்டடங்களுக்கு உங்கள் முழுத் திறமையையும் கொடுங்கள். நடுவில் நிற்பவற்றுக்கு அச்சிட்ட செங்கல் தாளே போதும். பின்வரிசைக்கு முன்சுவரும் பாதிக் கூரையும் இருந்தால் நிறைவு.

அந்த நிலையத்தின் சுவரை நான் எறியவில்லை. பின்புறம் வண்ணம் பூசி, கனத்த பலகைக்கடியில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஊர் முழுவதையும் அட்டைப் பெட்டிகளால் நிரப்பிவிட்டு வரும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று மாலை பதினொரு பெட்டிகள் நிற்கும் படத்தை அனுப்பியிருந்தார்.