வைராக்கியம்: சொல் விளக்கம்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் இந்தச் சொல் புழங்காத வீடு குறைவு. ‘அவ வைராக்கியமாப் படிச்சு டீச்சர் ஆயிட்டா’ என்பார்கள். ‘அண்ணனுந் தம்பியும் பேசிக்கறதே இல்லீங்க, அத்தனை வைராக்கியம்’ என்றும் சொல்வார்கள். முதலாவதில் மன உறுதி, இரண்டாவதில் பகை. சொல்லின் மூலப்பொருளோ இரண்டுமே இல்லை. உலகப் பற்றை விட்டுவிட்ட நிலைக்குத்தான் இது பெயர்.

சொல் வடமொழி. ராகம் என்பதற்கு அங்கே நிறம், சாயம், குறிப்பாகச் சிவப்பு என்று பொருள். திருப்பூர்ப் பட்டறையில் துணிக்குச் சாயம் ஏறுவதுபோல மனத்துக்கு ஆசை ஏறுகிறது என்று பார்த்ததால், ஆசைக்கும் பற்றுக்கும் அதே பெயர் வந்தது. இசையில் சொல்கிற ராகமும் இதே சொல்தான். ‘வி’ என்னும் முன்னொட்டு இங்கே நீக்கத்தைக் குறிக்கும். விராகம் என்றால் நிறம் நீங்கியது, பற்று நீங்கியது. அப்படி நீங்கிய நிலை வைராக்கியம்.

பற்றை விடுவதற்குப் பெரிய உறுதி வேண்டும். சுடுகாட்டில் வந்து, வீடு திரும்பிக் குளித்ததும் போய்விடுகிற துறவு எண்ணத்தை ‘மயான வைராக்கியம்’ என்று பெரியவர்கள் சொன்னதற்கும் அதுதான் காரணம். நிலைக்காதது வைராக்கியம் ஆகாது. நாளடைவில் பற்றின்மை என்ற பொருள் பின்னால் போய், உறுதி என்பது முன்னால் வந்துவிட்டது. தமிழ் விவிலியத்தில் வரும் ‘பக்திவைராக்கியம்’ பற்றை விட்ட நிலைக்கு நேர் எதிரானது, அது கொழுந்துவிட்ட பற்று. பகை என்ற பொருளுக்கு, வடமொழியில் பகையைக் குறிக்கும் ‘வைரம்’ என்ற இன்னொரு சொல்லின் ஒலி ஒற்றுமையும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

காங்கயம் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஐந்தாம் வகுப்புப் படித்தாள். ஆண்டு விழா நடனத்துக்கு வரிசை பிரித்தபோது ‘கலரான’ பிள்ளைகள் முன்னால் போனார்கள், இவள் கடைசிக்குப் போனாள். ‘லைட்டுல முகம் தெரியாது கண்ணு’ என்று டீச்சர் அன்பாகத்தான் சொன்னாராம். அப்புறம் கூடப் படிக்கிறவர்கள் அதையே பட்டப்பெயர் ஆக்கிவிட்டார்கள். அவள் அம்மா மனசு கேட்காமல் மறுநாள் காலையில் பவுடரை அள்ளி முகத்தில் அப்பிவிட்டார். பிள்ளை வாசலுக்கு வந்து பாவாடை நுனியால் துடைத்தாள். காதோரத்திலும் கழுத்து மடிப்பிலும் ஒட்டியிருந்ததைத் தேடித் தேடித் துடைத்தாள். பள்ளிக்கூடம் போய் டீச்சரிடம் சொன்னாள்: ‘கும்மி ஆடலாமுங்க மிஸ். வட்டமா நிக்கோணும். அதுல முன்னால பின்னால இல்லீங்க.’

நேரமில்லை என்றார்கள். அடுத்த நாளும் போய்க் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். அழவில்லை, யாரோடும் சண்டை போடவுமில்லை. கடைசியில் ஒரு கும்மிக்கு இடம் கிடைத்தது. பாட்டெடுத்துக் கொடுத்தது அவள்தான். ‘என்ன வீம்பு பாரு இந்தப் புள்ளைக்கு’ என்று அவள் மாமன் சலித்துக்கொண்டார். ‘வீம்பில்லடா, வைராக்கியம்’ என்று அம்மாயி (அவள் அம்மாவின் அம்மா) திருத்தினார்.

அம்மாயி பிரித்துச் சொன்னது மிகச் சரி. தான் சொன்னதே நடக்க வேண்டும் என்று நிற்பது வீம்பு. ஒரு காரியம் சரியாக நடக்க வேண்டும் என்று நிற்பது வேறு. பெண் பிள்ளைகள் விஷயத்தில், அதுவும் கருப்பாக இருக்கிற பிள்ளை தலைநிமிர்ந்து பேசினால், வீம்பு, திமிர், அடம் என்ற சொற்கள் நம் வாயில் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகின்றன! உண்மையில் அந்த டீச்சரிடம் பேசியிருக்க வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளிக் குழந்தையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அன்பான குரலில் சொன்னாலும், நிறத்தைச் சொல்லி ஒதுக்குவது துன்புறுத்தல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? துறவுப் பொருளில் வந்தால் பற்றின்மை. பகைப் பொருளில் கறுவு, காழ்ப்பு என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. காழ்ப்புக்கு அடிச்சொல்லான காழ் என்பது மரத்தின் வயிரம் பாய்ந்த கட்டை. கருவேல மரத்தை அறுத்தால் சுற்றிலும் வெளுப்பு, நடுவில் அடர்நிறம். அந்த அடர்நிறக் கட்டைதான் காழ், பூச்சி சுலபமாக அரிப்பது வெளுத்த பகுதியை. கறுவு என்பது கறுத்தலோடு சேர்ந்த சொல் என்பதால், கருப்பே கெட்ட குணத்தின் நிறம் என்று யாரும் வாதாட வேண்டாம். ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். கோபம் என்று வந்தால் இரண்டு நிறமும் அதற்குச் சமம்.

உறுதிப் பொருளுக்கு நெஞ்சுரம், மன உறுதி என்றெல்லாம் எழுதுகிறார்கள். என் தேர்வு மனத்திட்பம். ‘வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்’ என்று 661ஆம் குறள் தொடங்குகிறது. திட்பம் என்றால் திண்மை. அதைச் செயலோடு சேர்த்தே வள்ளுவர் சொல்கிறார், வீம்பு நெருங்க முடியாத இடம் அது. அதே அதிகாரத்தில் 667ஆம் குறள், ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்கிறது. உருள்கிற பெருந்தேருக்கு அச்சாணிபோல இருப்பவர்களும் உலகில் உண்டு என்பது அதற்கு அவர் தரும் காரணம். மன உறுதியைப் பேசும் பத்துக் குறளுக்கு நடுவே, தோற்றத்தைப் பார்த்து இகழாதே என்ற ஒன்றை அவர் வைத்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேச்சில் வைராக்கியத்தைக் கைவிட வேண்டிய அவசியமில்லை, அது நம் வாயில் ஊறிய சொல். எழுதும்போது மட்டும் எந்தப் பொருள் என்று பார்த்துப் பிரித்து எழுதலாம்: ‘முனிவரின் பற்றின்மை’, ‘பங்காளிகளின் காழ்ப்பு’, ‘அந்தச் சிறுமியின் மனத்திட்பம்’.