முதல் மாத்திரைக்கு முன் ஒரு குப்பி சிறுநீர்

என் அத்தை மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறார். போன மாதம் அவருக்கு நீர்க்கடுப்பு, கூடவே லேசான குளிர்காய்ச்சல். பல் பிடுங்கியபோது கொடுத்த அமோக்சிசிலின் என்ற ஆண்டிபயாடிக்கில் மிச்சமான நாலு காப்சூல் ஒரு டப்பாவில் கிடந்ததாம். இரண்டைப் போட்டுவிட்டு, மறுநாள் கிளினிக்குக்குப் போய்ச் சிறுநீர் கொடுத்தார். கல்ச்சரில், அதாவது மாதிரியில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் வளரவில்லை, எரிச்சலோ நிற்கவில்லை. "நீ லேப்லதானே வேல செய்ற, என்னாடி டெஸ்ட் பண்றீங்க?" என்று போனிலேயே பிடித்துக்கொண்டார்.

டெஸ்ட் மேல் தப்பில்லை. சிறுநீரில் கலந்த மருந்து கிருமியைத் தட்டில் வளரவிடாமல் அமுக்கிவிடும். உடம்புக்குள் கிருமி உயிரோடு இருக்கக்கூடும்.

பட்டர்வொர்த்துக்கு எதிரே, பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனை லேப்பில் என் நாள் இந்தத் தட்டுகளோடுதான் ஓடுகிறது. தட்டில் கிருமி வளர்கிற கூழான அகர், நாம் தீபாவளிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற அதே அகார் அகார், கடல்பாசிதான். 1881இல் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒருவரிடம் கற்ற சமையல் குறிப்பைக் கணவரின் ஆய்வுக்கு எடுத்துக் கொடுத்தார். நம் பக்கத்துச் சமையல்கட்டுச் சரக்கு உலக லேப்புகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த கதை அது.

சிறுநீர் போலவே ரத்தத்தையும் சோதிப்போம்; அதை வளர்ப்பு நீர் உள்ள குப்பியில் விட்டு இயந்திரத்தில் வைப்போம். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் பழைய முறையில், அந்த ரத்தக் குப்பியில் கிருமி வளர்ந்ததாக இயந்திரம் சத்தம் போட்டதும் அதைத் தட்டில் ஓரிரவு வளர்ப்போம். மறுநாள் மருந்தில் தோய்த்த சின்னக் காகித வட்டுகளை வைத்து இன்னோர் இரவு. இரண்டு நாள் போய்விடும். ரத்தத்தில் கிருமி ஏறியவருக்கு அது நீண்ட காலம்.

இப்போது ஐரோப்பிய நிபுணர் குழுவான யூகாஸ்ட் வகுத்த விரைவு முறை இருக்கிறது. குப்பி நீரையே 125 மைக்ரோலிட்டர், அதாவது மூன்று சொட்டுக்கும் குறைவாக, நேரே தட்டில் பரப்பி வட்டு வைத்துவிடலாம். 4, 6, 8 மணி நேரத்தில் பார்ப்போம். நாலாம் மணியில் கிருமிப் படலம் ஈரக் கண்ணாடியில் மூச்சு விட்டது போல மங்கலாகத்தான் தெரியும். மூடியைக் கழற்றி, தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, வட்டைச் சுற்றி, மருந்து கிருமியை வளரவிடாத தெளிந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் தட்டு மறுபடி சூட்டுப்பெட்டிக்குள் போய்விட வேண்டும். ஓரம் தெரியவில்லையா, ஊகித்து எழுதக் கூடாது; ஆறாம் மணி வரை பொறுக்க வேண்டும். சில கிருமிகளுக்கு மட்டுமே இந்த அளவுகள் செல்லும்.

மால்டி-டாஃப் இயந்திரம் சில நிமிடங்களில் கிருமியின் பெயரைச் சொல்லும், மருந்தைச் சொல்லாது. மரபணுச் சோதனை ஓரிரு மணி நேரத்தில் முடியும்; ஆனால் தெரிந்த திருடனை மட்டுமே அது தேடும். கிருமி வேறு வழியில் தப்பப் பழகியிருந்தால் அதற்குத் தெரியாது. சிறுநீர்த் தொற்றுக்கென ஸ்வீடனில் உருவான கருவி 45 நிமிடத்தில் மருந்தைச் சொல்லிவிடும். 2024இல் அதற்கு 80 லட்சம் பவுண்டு லாங்கிட்யூட் பரிசு என்ற பிரிட்டிஷ் அறிவியல் பரிசு கிடைத்தது.

எல்லாம் சரி, ஆனால் மாதிரியை மாத்திரைக்கு அப்புறம் கொடுத்தால் எந்தக் கருவிக்கும் சிரமம்தான். அதனால் ஆண்டிபயாடிக் எழுதும்போதே, "முதல்ல யூரின் குடுத்துட்டுப் போகவா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே விழுங்கியிருந்தால் மறைக்காதீர்கள். கடும் காய்ச்சலும் தடுமாற்றமுமாக அவசரப் பிரிவுக்குப் போனால் கதை வேறு: அங்கே ரத்தம் எடுத்த கையோடு மருந்தை ஏற்றுவார்கள். முடிவு வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது.

மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்து, டாக்டர் சொன்னபடி அத்தை மறுபடி சிறுநீர் கொடுத்தார். ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்தது. எந்த மருந்து கேட்கும் என்று இந்த முறை தெரிந்தது. மிச்சம் இரண்டு காப்சூலை நானே வாங்கிக்கொண்டு ஃபெரி ஏறினேன். அரசு மருத்துவமனைப் பார்மசியில் மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொன்னபோது அத்தை நம்பவில்லை. "காசு குடுப்பாங்களா?" என்றார்.